வார இறுதியில் மலையேறும் கல்லூரி

சனிக்கிழமை மத்தியானம் ஹட்டன் பஸ்ஸில் வந்து டிக்கோயாவில் இறங்குகிறவர்களில் இறையியல் கல்லூரிப் பொடியன்களைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடலாம். சப்பாத்து பளபளவென்று இருக்கும். கையில் குடை இருக்காது. டிக்கோயாவுக்குக் குடையில்லாமல் வருகிறவன் ஒன்றில் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் கடவுள்மேல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை வைத்தவன். இவர்கள் இரண்டும்தான்.

வாரநாட்களில் வகுப்பில் படித்ததை வார இறுதியில் ஏதாவதொரு சபைக்குப் போய்ச் செய்து பழக வேண்டும். இறையியல் கல்வியில் எங்கும் உள்ள ஏற்பாடு இது. ஞாயிறு பாடசாலை நடத்துவது, வீடு சந்திப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, போதகர் இடம் கொடுத்தால் ஒரு பிரசங்கம். நகரத்துச் சபையில் இதெல்லாம் நேரப்படி நடக்கும். தோட்டத்தில் வருகிறவர் செய்யும் முதல் பிழையே நேரத்தில்தான். பின்னேரம் இரண்டு மணிக்கு லயத்துக்குப் போனால் அங்கே கிழவிகளும் சின்னப் பிள்ளைகளும் நாயும் மட்டும்தான் இருப்பார்கள். பெண்கள் மலையில். கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்து மணியாகும். பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு. ஆற அமரப் பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது ஏழு தாண்டிவிடும். அந்த நேரத்துக்குப் பொடியன் போதகர் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் பாதை. அவனைக் குறை சொல்ல முடியாது.

நான் கிறிஸ்தவனல்ல. எங்கள் வீட்டில் கந்தசஷ்டி விரதம்தான். ஆனால் முப்பது வருடமாகத் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் என்பதால் எந்தப் படிப்பு எந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அண்மையில் அப்படி வந்த ஒரு மாணவரிடம் லயத்துப் பாட்டி ஒருவர் சொன்னதைக் கேட்டேன். "ஜெபம் அப்புறம் பண்ணலாம் தம்பி. பேத்தியோட பொறப்புச் சான்றிதழ்ல பேரு பிழையா கெடக்கு. ஸ்கூல்ல சேர்க்க மாட்டேங்கிறாங்க. ஒரு கடிதம் எழுதித் தாங்க." கடிதம் சிங்களத்தில் போனால்தான் கந்தோரில் சீக்கிரம் அசையும். மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன், கொஞ்சம் யோசித்துவிட்டு அங்கேயே குந்தியிருந்து சிங்களத்தில் எழுதிக் கொடுத்தான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "விடுதியிலதான் சேர். அறையில மற்றவர் சிங்களம்."

அவன் படிப்பது பிலிமத்தலாவையில், கண்டி–கொழும்பு வீதிப் பக்கமாக இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரியில். 1963இல் தொடங்கியது. அதற்கு முன்னர் போதகராக வேண்டியவர்களில் பலர் பெங்களூருக்கோ கல்கத்தாவுக்கோ போய், ஆங்கிலத்தில் இறையியல் படித்து வந்து, தமிழிலும் சிங்களத்திலும் பிரசங்கம் செய்தார்கள். சுயபாஷையிலேயே படிப்பிக்க வேண்டும் என்று அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து சபைகள் சேர்ந்து நிறுவிய கல்லூரி இது. பட்டம் செராம்பூருடையது. 1818இல் வில்லியம் கேரியும் கூட்டாளிகளும் வங்காளத்தில் தொடங்கிய அதே செராம்பூர். தமிழ் மாணவர் தமிழில் படிக்கிறார், சிங்கள மாணவர் சிங்களத்தில் படிக்கிறார், இருவரும் ஒரே கூரையின் கீழ் சீவிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கல்லூரிகளின் வாரம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். விடியற்காலை மணி, ஆராதனை, வகுப்பு, நூலகம், பின்னேரம் பந்து, இரவு மறுபடியும் ஜெபம். எபிரேயமும் கிரேக்கமும் படிக்க வேண்டும். மஸ்கெலியாவில் பிறந்த பிள்ளை வலமிருந்து இடமாக எழுதப் பழகுவதைக் கற்பனை செய்து பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கிறது. செராம்பூர்ப் பாடத்திட்டத்தில் மற்றச் சமயங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், அந்த வாரத்தின் பெரிய பாடம் கால அட்டவணையிலேயே இருக்காது. ஒரே மேசையில் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், பாத்திரம் கழுவும் முறை வரும், குளியலறைக்கு முந்தப் பார்க்க வேண்டும், சண்டை போட வேண்டும், இரவு ஜெபத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். 1983 இனக்கலவரத்தைப் பார்த்த நாட்டில் தமிழ்ப் பொடியனும் சிங்களப் பொடியனும் மூன்று நான்கு வருடம் இப்படி வாழக் கிடைக்கும் இடங்கள் எத்தனை? நம் பாடசாலைகள் மொழியால் பிரிந்தவை. பல்கலைக்கழகத்தில் ஒரே விரிவுரை மண்டபத்தில் இரண்டு கூட்டமாக உட்காருகிறார்கள். பாட்டியின் கடிதம் சிங்களத்தில் போனது அந்த விடுதி அறையால்தான்.

கண்டிப் பக்கம் குருமாணவர்களுக்குப் புதிதல்ல. 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் அங்கே நிறுவிய குருமடத்துக்கு இந்தியா முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்தார்கள். இந்தியாவின் முதல் கர்தினால் வலேரியன் கிராசியஸ் அங்கே படித்தவர். 1955இல் அந்தக் குருமடம் பூனாவுக்குப் போய்விட்டது. அம்பிட்டியவில் இப்போது இருப்பது இலங்கைக் கத்தோலிக்கருக்கான தேசியக் குருமடம்.

தோட்டத்துக்கு வருவோம். இங்கே வேதம் வந்த வழி வேறு. 1854இல் கோப்பித் துரைமார் சிலர் பணம் போட, சர்ச் மிஷனரி சங்கத்தார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரைப் பாருங்கள்; ஆத்துமாவுக்கு முன்னால் கூலி. அந்த மிஷனுக்கு உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் பேசி, எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். துரைமாருக்கு 1878இல் டிக்கோயாவிலேயே கல்லால் கட்டிய வார்லி கிறிஸ்து ஆலயம் வந்தது. இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் அதே ஆலயம்; வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், முற்றத்துக் கல்லறைகளில் வெள்ளைக்காரப் பெயர்கள். நடந்தே தேய்ந்த உபதேசியார்களுக்குக் கல்வெட்டு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே நேரத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியை 1855இல் மூடியது. மலையில் மிஷன் தொடங்கிய அடுத்த வருடமே அங்கே கல்லூரிக் கதவு சாத்தப்படுகிறது. காரணம் சுவையானது. பிள்ளைகள் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் நன்றாகப் படித்தார்கள். படித்துவிட்டு ஊழியத்துக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். போஸ்டனில் இருந்த மிஷன் தலைமையகத்திலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு அது நட்டமாகத் தோன்றியது. இரண்டு வருடம் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்தவர்கள் கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும், இருவரும் வட்டுக்கோட்டைப் பிள்ளைகள். தாமோதரம்பிள்ளை பிறகு சைவரானார். 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மிஷன் கணக்கில் அவர் செலவுப் பக்கம். தமிழ்க் கணக்கில்?

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஓர் இறையியல் கல்லூரி தன்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் அங்கி போட்டார்கள் என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் வட்டுக்கோட்டையின் பிழையைத்தான் திரும்பச் செய்யும். பாதியில் மனம் மாறி வெளியே வந்து ஆசிரியராகவோ தொழிற்சங்கக்காரராகவோ போகிற தோட்டத்துப் பிள்ளையைச் சபையார் "ஓடிவந்தவன்" என்பார்கள். இரண்டு மொழி தெரிந்த, நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரிந்த, சாவு வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் தோட்டத்துக்குக் கிடைத்தான் என்று நான் பார்ப்பேன். சாவு வீட்டில் பேசத் தெரிந்தவர்கள் இப்போது மிகவும் குறைவு.

மறுபக்கமும் இருக்கிறது. லயத்தைப் பார்க்காமலே இறையியலை முடித்துவிடலாம் என்ற நினைப்பை உடைக்கப் பார்த்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். 1972இல் பதுளையின் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பெயரில் ஒரு குருமடம் வைத்தார். குருமாணவன் கிராமத்து விவசாயியோடும் தோட்டத் தொழிலாளியோடும் இருந்து படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே பொறுப்பில் இருந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ பிறகு மொனராகலைப் பக்கத்துப் புத்தலவைச் சுற்றியுள்ள ஊவா கிராமங்களுக்குள் போய்ச் சிங்கள பௌத்த விவசாயிகளோடு வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி முடிகிற நேரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே 1972இல் கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 'சத்தியோதய'வைத் தொடங்கினார். காணிச் சீர்திருத்தமும் பஞ்சமும் தோட்டங்களைப் புரட்டிப்போட்ட அந்த வருடங்களில் நம் மக்களைப் பற்றிச் சிங்கள வாசகருக்கும் வெளிநாட்டுக்கும் எடுத்துச் சொன்ன குரல்களில் அவருடையது முக்கியமானது.

மதுரையிலும் இப்படி ஒருவர் இருந்தார். அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிப்பித்த தியோபிலஸ் அப்பாவு. 'பறட்டை' என்றால் எல்லோருக்கும் தெரியும். நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்து, பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்பதே வேதத்தின் சாரம் என்றார். 2005இல் காலமானார். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடிகாலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்தது தப்பு, நம் ஊர்ப் பறை. காமன் கூத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. தேவாலய வாசலைத் தாண்டித் தப்பு உள்ளே போகும் என்று சொன்னால் இங்கே பல கிறிஸ்தவ வீடுகளில் முகம் சுருங்கும். கீபோர்ட் போனால் சுருங்காது. வார இறுதியில் வருகிற பொடியன்கள் கீபோர்டோடுதான் வருகிறார்கள்.

இனி வாய்ப்பு விஷயம். உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, கொழும்பில் கடை, வெளிநாடு. இறையியல் கல்லூரியைப் பற்றிக் கேட்கிறவர் அபூர்வம். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையும் கேட்பதில்லை. போதகர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர் என்று மனதில் பதிந்துவிட்டது. திருநெல்வேலி உபதேசியார் காலத்திலிருந்து அப்படித்தானே. வந்தவர்களில் அருமையானவர்கள் உண்டு. ஆனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், போட்டால் அந்த வாரம் வீட்டில் என்ன வெட்டுப்படும் என்று சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த ஒருவர் பிரசங்க மேடையில் நிற்பது வேறு.

பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையில் 2006இல் முதன்முறையாகப் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெற்றார்கள். தோட்டத்துச் சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்பது என் கண் கணக்கு. "பொம்பளைப் புள்ளைய சாமியாரா அனுப்பச் சொல்றீங்களா சேர்?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும்போது இவ்வளவு யோசித்தீர்களா அக்கா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் போக வேண்டாம். சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கிறதென்று போனவர்கள் பிறகு சபையைப் படுத்திய பாட்டை நான் வெளியிலிருந்தே பார்த்திருக்கிறேன். முழு நேரமாகப் போக முடியாதவர்களுக்கு வீட்டிலிருந்து படிக்கும் சான்றிதழ், டிப்ளோமாப் படிப்புகள் செராம்பூர் ஏற்பாட்டில் உண்டு. ஞாயிறு பாடசாலை ஆசிரியைகளுக்கும், பாடசாலையில் கிறிஸ்தவ சமயம் படிப்பிக்கிறவர்களுக்கும் அது பொருந்தும்.

விருப்பமுள்ளவர்கள் முதலில் பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இந்தக் கல்லூரிகளுக்கு ஆளை அனுப்புவது சபைதான். உள்ளூர்ப் போதகரிடம் சொல்லி, சபையில் கொஞ்சக் காலம் ஏதாவது பொறுப்பெடுத்து, பிரசங்கம் செய்து பழகி, மேலிடத்து நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். ஆகவே போதகர்மாருக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரியிலிருந்து வரும் அறிவித்தலை ஞாயிறு ஆராதனை முடிவில், எல்லோரும் செருப்புத் தேடுகிற நேரத்தில் வாசிக்காதீர்கள். ஒரு பிரதியைக் கொழுந்து மடுவத்தில் ஒட்டுங்கள், ஒன்றைப் பாடசாலை அதிபரிடம் கொடுங்கள், ஒன்றை எனக்கும் தாருங்கள். இந்தப் பத்தியில் போடுகிறேன்.