வாரமொரு மடல்

மாலையில் தொடக்கப் பள்ளியினின்று திரும்பும் சிறுவனை நோக்கி, "இன்று பள்ளியில் என்ன விசேஷம்?" என்று தாய் வினவினால், "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. உண்மையில் அன்று அங்கே எத்தனையோ நிகழ்ந்திருக்கும். ஒருத்தி முதன்முறையாகக் கழித்தற் கணக்கைப் பிழையின்றிப் போட்டிருப்பாள். சன்னலோரத்தில் ஊன்றிய அவரை முளைவிட்டிருக்கும். ஒருவனுடைய பாற்பல் விழ, வகுப்பே கூடிநின்று அதனைக் கண்டிருக்கும். வீட்டிலும் அவ்வாறே: தம்பி பிறந்தான், பசு கன்று ஈன்றது, பாட்டி படுக்கையில் வீழ்ந்தாள், தந்தை வேலை தேடி வெளியூர் சென்றார். இவற்றையெல்லாம் நெஞ்சிற் சுமந்துகொண்டுதான் குழந்தை மறுநாட் காலை கரும்பலகையின்முன் வந்து அமர்கின்றது. இவ்விரண்டு செய்தியுலகங்களையும் இணைக்கும் பாலம் ஒன்று வேண்டும் என்பதும், அது வாரந்தோறும் பள்ளியினின்று வீட்டுக்கும் வீட்டினின்று பள்ளிக்கும் செல்லும் ஒரு மடலாக அமைதல் நலம் என்பதும் நம் கருத்து.

அத்தகைய பாலம் இன்று இல்லையோ எனின், பெயரளவில் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டுமென்றும், அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டுமென்றும், பாதிப்பேர் பெண்டிராதல் வேண்டுமென்றும் விதித்துள்ளது. கைபேசி வழியாக வாட்ஸ்அப் குழுக்களும் பல பள்ளிகளில் இயங்குகின்றன. ஆயின் அவற்றின் வழியே வருவன யாவை? "நாளை விடுமுறை", "ஆதார் நகல் கொண்டு வருக", "சீருடையின்றி வரலாகாது" என்பன போன்ற கட்டளைகளே. கட்டளை வேறு, செய்தி வேறு அன்றோ? பள்ளியினின்று அழைப்பு வந்தால், "பிள்ளை என்ன குற்றம் செய்தானோ!" என்று பெற்றவர் நெஞ்சம் திடுக்கிடும் நிலையே பல இல்லங்களில் உள்ளது.

இக்குறையின் விளைவை நாம் கண்ணாரக் கண்டோம். நாட்டு நலப்பணியின் பொருட்டுச் சின்னாள் சென்றுவந்த தொடக்கப் பள்ளியொன்றில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாடோறும் தாமதித்து வருவாள். முதற் பாடத்திலேயே உறங்கிவிடுவாள். ஆசிரியை முதலில் எழுப்பினார்; பிறகு கடிந்தார்; பிறகு சுவரோரம் நிற்க வைத்தார். நாமும் அவளைச் சோம்பலுடையவள் என்றே எண்ணினோம். பதினைந்து நாள் கழிந்தபின், சத்துணவு சமைக்கும் அம்மையார் வாயிலாகவே உண்மை வெளிப்பட்டது. பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற தாய் உடல் நலிவுற்று மருத்துவமனையிலேயே தங்கிவிட்டாள். தந்தைக்கோ இரவு வேலை. இரண்டு வயதுத் தம்பி அழுந்தோறும் நள்ளிரவில் எழுந்து தூளியை ஆட்டியவள் அச்சிறுமியே! அவள் வீடு பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. செய்தி கேட்ட ஆசிரியை கண் கலங்கினார். அவர் கொடியவர் அல்லர், அறியாதவர். வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் அங்கே பதிவேடுகள் இருந்தன, "வீட்டில் என்ன செய்தி?" என்று கேட்பதற்கு மட்டும் ஓர் ஏடு இல்லை.

"வீட்டுச் செய்தி பள்ளிக்கு எதற்கு?" என்பார்க்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். பசி வீட்டில் தோன்றுவது. எனினும் அதனைத் தீர்ப்பது பள்ளியின் கடன் என்று நாம் ஒப்புக்கொண்டு நெடுங்காலமாயிற்று. 1920-இல் சென்னை மாநகராட்சி தன் பள்ளியில் உணவளிக்க முற்பட்டது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-இல் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. வெறும் வயிற்றோடு வருங் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்த நாம், கனத்த நெஞ்சோடு வருங் குழந்தைக்கும் அது ஏறாது என்பதை உணர வேண்டாமா?

பிற நாட்டினர் ஒருவர் செய்து காட்டியதும் ஈண்டு நினைத்தற்குரியது. முதல் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்ற செலஸ்தென் ஃபிரெனே என்பார், 1920-இல் தென் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலவில்லை. ஆகவே தாம் பேசுவதைக் குறைத்துப் பிள்ளைகளைப் பேசவிட்டார். ஊரைச் சுற்றிவந்து கண்டதையும் வீட்டில் நிகழ்ந்ததையும் அவர்கள் தம் சொற்களிலேயே எழுதினர். சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பிலேயே அமைத்து, அச்செழுத்துக்களைத் தம் கைகளாற் கோத்து அவற்றை அச்சிட்டனர். அத்தாள்கள் இல்லங்களுக்குச் சென்றன. தொலைவிலுள்ள பிறிதொரு பள்ளிக்கும் சென்று மறுமொழி கொணர்ந்தன. தம் வாழ்வு எழுத்தாகுந் தகுதியுடையது என்று கண்ட பிள்ளைகள் எழுத்தை விரும்பிக் கற்றனர். பின்னர் எதிர்ப்புக்கு ஆளாகி அரசுப் பணியைத் துறந்த அவர், 1935-இல் வான்ஸ் என்னும் ஊரில் தமக்கென ஒரு பள்ளியை நிறுவினார்.

நம் கருத்தை மறுப்போர் மூன்று தடைகள் கூறக்கூடும். ஆசிரியர்க்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி என்பது முதலாவது. அது மெய்யே. ஆதலின் மடலை ஆசிரியர் எழுத வேண்டா. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் ஐந்தாறு வரி உருவாகட்டும். அதனைப் பிள்ளைகளே தாளில் எழுதிக்கொள்ளட்டும். அதுவே அன்றைய மொழிப்பாடமும் ஆகும். எழுத்தறியாப் பெற்றோர்க்கு மடல் எதற்கு என்பது இரண்டாவது. அவர்க்கே அது மிகவும் வேண்டும்! பிள்ளை விளக்கடியில் அமர்ந்து அதனைப் படித்துக் காட்டுக. அவர்கள் மறுமொழியாகச் சொல்வதை மடலின் பின்புறத்தில் இரண்டு வரியாக எழுதித் திங்களன்று கொண்டு வருக. அன்று கற்பிப்போன் குழந்தை, கேட்போர் பெற்றோர். இதனினும் இனிய காட்சி யாதுளது?

மூன்றாவது தடையே வலியது. வீட்டின் மறைவுகள் வெளிப்பட்டுவிடாவோ? கடன், பிணி, பிணக்கு ஆகியவற்றைச் சிறுவர் அறியாமற் சொல்லிவிடுவர், மற்றவர் நகைப்பர். ஆகவே ஒரு வரம்பு வேண்டும். மகிழ்ச்சிச் செய்தியை வீட்டாரின் இசைவோடு வகுப்பிற் கூறுக. துன்பச் செய்தி ஆசிரியர் நெஞ்சோடு நிற்க. கைபேசிக் குழுவில் இடப்பட்ட சொல் ஊரெங்கும் பரவும். ஆதலின் மறுமொழி தாளில் வந்து ஆசிரியர் ஒருவர் கையிற் சேர்வதே தக்கது. அன்று அச்சிறுமியின் தாள், "அம்மா இன்னும் வரவில்லை" என்னும் ஒரு வரியைக் கொணர்ந்திருப்பின், அவள் சுவரோரம் நின்றிராள்.

இறுதியாக ஒன்று. நம் கல்லூரி மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் பலர் முதலிற் புரட்டுவது எப்பக்கம்? கட்டுரையன்று, கவிதையுமன்று, இன்னாருக்குத் திருமணம், இன்னார் பதவி உயர்வு பெற்றார், இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்னும் குடும்பச் செய்திப் பக்கமே. நாம் ஒரு குடும்பத்தார் என்பதனை அப்பக்கமே நமக்கு உணர்த்துகின்றது. வளர்ந்தோராகிய நமக்கு ஆண்டுக்கொரு முறை இவ்வின்பம் வேண்டுமாயின், ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வாரமொரு முறை வேண்டாவோ? நம்மிடையே ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருக்கும் மாணவரும், ஏற்கெனவே மேற்கொண்டுள்ள பழைய மாணவரும் பலர் உளர். அரசாணையை எதிர்பாராது, பொருளுதவியை வேண்டாது, வருகின்ற வெள்ளிக்கிழமையே அவர்கள் இதனைத் தொடங்கலாம். வேண்டுவன ஒரு தாளும், கேட்பதற்குச் சிறிது பொறுமையுமே.