இறங்கச் சொன்னது யார்?

மலக்குழியில் ஒருவர் விஷவாயு தாக்கிச் செத்தால் சங்கச் செயலாளரையும் ஃபெசிலிட்டி மேனேஜரையும் கைது செய்வது அநியாயம் என்று சென்ற இதழில் ஓர் அடுக்கக நிர்வாகி கண்ணீர் வடித்திருக்கிறார். கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்தேன். செத்தவருக்காக ஒரு சொட்டும் இல்லை.

அவர் வாதம் இவ்வளவுதான். வேலையை ஒப்பந்தத்தில் விட்டாயிற்று, பொறுப்பு ஒப்பந்ததாரருடையது. மாஸ்க் கொடுத்தோம், அவர்கள் போடுவதில்லை. யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தாங்களாகத்தான் இறங்கினார்கள். சட்டம் கேட்பதையெல்லாம் செய்தால் பராமரிப்புக் கட்டணம் எகிறிவிடும்.

மாஸ்க்கை முதலில் எடுத்துக்கொள்வோம், அவருடைய ஞானம் அதில்தான் நன்றாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், உண்மைதான். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வடிகட்டி வைத்த விலை உயர்ந்த மாஸ்க்கூட ஆக்சிஜனே இல்லாத குழியில் அதை உண்டாக்கித் தராது. வெளியிலிருந்து குழாயில் காற்று வர வேண்டும், இல்லையேல் முதுகில் சிலிண்டர் வேண்டும். அதாவது இவர் கொடுத்த மாஸ்க்கைப் போட்டிருந்தாலும் அந்தத் தொழிலாளி செத்திருப்பார். போடாததால் செத்தார் என்று எழுத மட்டுமே அந்த மாஸ்க் உதவியிருக்கிறது.

மூடியை முன்கூட்டியே திறந்து வைத்தோமே என்கிறார். வாயு அடிமண்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கால் பட்டுக் கலங்கியதும் குபீரென்று கிளம்பும். அதனால்தான் இறங்குமுன் மேல், நடு, அடி என எல்லா மட்டத்திலும் வாயுவை அளக்க வேண்டும். அதோடு வேலை முடியும்வரை கேஸ் டிடெக்டர் ஆளின் உடம்போடு இருக்க வேண்டும். ஹார்னஸும், குழிக்கு மேலே முக்காலியில் வின்ச்சும் எதற்கு? விழுந்தவரை இன்னொருவர் இறங்காமலே தூக்குவதற்கு. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்துவிட்டது. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரே மலக்குழியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், சென்னையின் பெரிய வணிக வளாகம் ஒன்றில் சகோதரனைக் காப்பாற்ற இறங்கிய 25 வயது இளைஞர் மாண்டார். அவரும் தானாக இறங்கியவர்தானா? தாங்களாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சில சாதிகளில் மட்டுமே பிறந்திருப்பது எப்படி என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரி விளக்கியிருக்கலாம்.

அடுத்து ஒப்பந்தம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஆபத்தான முறையில் மலக்குழியைச் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி, அதற்குக் கீழே ஒரு காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி: இதற்குத்தான் மறைமுகம் என்று பெயர். ‘சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன்’ என்று தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்திருப்பதாகப் பெருமை வேறு. ஆபத்து இல்லையென்றால் அந்தக் கையெழுத்து எதற்கு? நிர்வாகத்துக்கு ஆபத்து தெரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் அரசுத் தரப்புக்குக் கிடைக்காது.

செலவு பற்றிய புலம்பலில் மட்டும் ஒரு துளி நியாயம் உண்டு. மூச்சுக் கருவியும் வின்ச்சும் சின்னச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகாது என்றால் ஆளை இறக்காதீர்கள், அவ்வளவுதானே! லாரி வந்து உறிஞ்சியபின் அடியில் தங்கும் கெட்டி மண்டிக்காகத்தான் ‘கொஞ்சம் இறங்கிக் கிளறிவிடுப்பா’ என்ற குரல் கிளம்புகிறது. தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி இன்னொரு நடை லாரி அடித்தால் தீர்கிற காரியம் அது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் (எஸ்டிபி) துணியும் நாப்கினும் சிக்கிப் பம்ப் நின்றுபோனால், அதை வழிகாட்டிக் கம்பியும் சங்கிலியும் வைத்து மேலேயே தூக்கிப் பழுது பார்க்கலாம். கட்டும்போதே இதைப் பொருத்தச் சொல்லிக் கேட்காதவர்கள், லாபியில் கிரானைட் மங்கலாக இருக்கிறது என்று பில்டரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

கடைசியாக, பழகிக்கொள்ள அவகாசம் வேண்டுமாம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 6. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது 2023 அக்டோபரில். சம்பளமே வாங்காத கௌரவச் செயலாளரை ஜாமீனில் விட முடியாத குற்றத்தில் பிடிக்கலாமா என்று கேட்கிறார். பிடிக்கலாம், 22ஆவது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. சிறைக்குப் பயந்தாவது அவர் அந்த மூடியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.