சுவருக்கும் ஒரு குடை வேண்டும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அச்சுவரை வெயிலும் மழையும் நாள்தோறும் அரித்துக்கொண்டிருக்க, நாமோ ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பொழுது மட்டுமே அதனை நினைக்கின்றோம். சுண்ணாம்போ வர்ணமோ பூசிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகின்றோம். சித்திரையில் வர்ணம் வெளிறுகிறது, ஐப்பசியில் பூச்சு உதிர்கிறது, மறுபடியும் செலவு. இச்செலவில் ஒரு பகுதியையேனும் தவிர்க்கும் வழி நம் வீட்டு வாசலிலேயே வளரக்கூடியது. அதனைத் தனித்தனியே செய்வதைவிடச் சங்கத்தின் மூலம் செய்வதே சிறந்தது. இவ்விரண்டையும் அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வெயிலின் போக்கைத் தெரிந்துகொள்வோம். தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், பல்லாவரம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகள் வட அட்சம் ஏறக்குறைய 13 பாகையில் அமைந்துள்ளன. ஆகையால் ஏப்ரல் மாதக் கடைசியிலும் ஆகஸ்டு மாத நடுவிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அவ்வேளையில் வெயிலைத் தாங்குவது கூரையேயன்றிச் சுவரன்று. சுவரை வாட்டுவது சாய்ந்து விழும் வெயில். காலை வெயில் கிழக்குச் சுவரையும், மாலை வெயில் மேற்குச் சுவரையும் தாக்குகின்றன. இரண்டினுள் மேற்குச் சுவரே மிகுதியாகத் துன்புறுகிறது. பகலெல்லாம் காய்ந்த காற்றின் வெப்பத்தோடு வெயிலின் வெப்பமும் சேர்ந்து அதன்மேல் விழுவதே காரணம். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதங்களில் வெயில் மிகுதி. ஆயினும் அது குளிர்ந்த காலமாதலால் பெருந்தீங்கு இல்லை.

மழையின் கணக்கு வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து வந்து வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் நனைக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை மாலைவேளைகளில் மேற்கிலிருந்து எழும் இடிமழையோ, அன்று பகலெல்லாம் காய்ந்து கிடந்த மேற்குச் சுவரின்மேல் திடீரென்று விழுகிறது. சூட்டில் விரிந்திருந்த சிமெண்டுப் பூச்சு சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. இவ்வாறு பல்லாண்டு விரிந்தும் சுருங்கியும் வருவதால் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. அவ்வழியே நீர் புகுகிறது, உப்புப் பூக்கிறது, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருக்கிறது, காரை பெயர்ந்து விழுகிறது. வர்ணம் பூசி வெடிப்பை மறைப்பது புண்ணை ஆற்றாமல் துணியால் மூடுவதற்கு ஒப்பாகும்.

நம் பாட்டனார் காலத்து ஓட்டு வீடுகளுக்கு இத்தொல்லை இத்துணை இருந்ததில்லை. கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. தாழ்வாரமும் திண்ணையும் சுவருக்குக் குடையாக நின்றன. இன்று நாம் கட்டும் தளம் போட்ட வீடுகளிலோ, சன்னலுக்கு மேல் ஒரு சிறு சன்ஷேடு தவிர வேறு மறைவில்லை. சுவர் முழுவதும் வெட்டவெளியில் நிற்கிறது. கூரை செய்துவந்த வேலையை இனி மரமும் கொடியுமே செய்தாக வேண்டும்.

இவ்வட்டாரம் நிழலின் அருமையை அறியாததன்று. டாக்டர் சௌரி முத்து அவர்கள் 1928-ஆம் ஆண்டில் காசநோயாளருக்கான மருத்துவ நிலையத்தை இங்குத்தான் நிறுவினார். அதனாலேயே சானடோரியம் என்னும் பெயர் இரயில் நிலையத்திற்கும் நிலைத்தது. 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரைவிட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கு வேதியியற் பேராசிரியராக விளங்கிய எட்வர்டு பார்ன்ஸ் அவர்களும், அவர்தம் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸ் அம்மையாரும் அவ்வளாகத்தில் மரங்களை நட்டுப் பேணினர். கோடையில் நெடுஞ்சாலையிலிருந்து அவ்வளாகத்துள் நுழைபவர் எவரும் காற்றின் மாறுதலை உடனே உணர்வர். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, நாம் செய்த ஒரு பிழையைக் கூறவேண்டும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தது. நகரிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்பொழுது நாம் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை. ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றோம். நூல் கிடங்கின் மேற்கே இரண்டு புங்க மரங்கள் நின்றன. அவற்றுள் ஒன்றின் கிளை முறிந்து கூரையின் ஓரத்தைச் சேதப்படுத்தியிருந்தது. கட்டடத்தின் பாதுகாப்பை முன்னிட்டு இரு மரங்களையும் அகற்றலாம் என்று ஆய்வறிக்கையில் எழுதினோம். முதியவரான நெசவாளர் ஒருவர், "ஐயா, கிளையைக் குறையுங்கள், மரத்தை எடுக்காதீர்கள்" என்றார். படித்தவர் என்ற எண்ணம் நம் காதை அடைத்திருந்தது. மரங்கள் வெட்டப்பட்டன; விறகு விலை வரவில் சேர்ந்தது; குறிப்பு முடிக்கப்பட்டது.

மூன்றாம் கோடையில் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றபொழுது மேற்குச் சுவரெங்கும் வெடிப்பு ஓடியிருந்தது. ஆடி மாத மழையில் நீர் கசிந்து, நூற்கட்டுகளின் அடிவரிசை பூஞ்சணம் பிடித்திருந்தது. கிடங்கை ஒட்டியிருந்த தறிக்கூடத்தில் பிற்பகலில் உட்கார இயலாமல் நெசவாளர் விடியற்காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டனர். வறண்ட சூட்டில் இழை அடிக்கடி அறுவதையும், ஒவ்வோர் அறுப்பும் கூலியில் குறைவதையும் நெய்பவரே அறிவர். பூச்சு வேலைக்கு இருமுறை செலவெழுதினர். அச்செலவுச் சீட்டுகளில் நாமே கையொப்பமிட்டோம். முதியவர் நம்மைக் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

மரத்தை விரும்பாதவர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. வேர் கடைக்காலைக் குடையும், இலை மழைநீர்க் குழாயை அடைக்கும், புயலில் கிளை விழும் என்பர். ஆயினும் இவை மரத்தின் குற்றம் என்பதைவிட, நட்ட இடத்தின் குற்றமும் பேணாமையின் குற்றமும் ஆகும். ஆல், அரசு, அத்தி இவற்றைச் சுவரருகே விடலாகாது. கைப்பிடிச் சுவரில் பறவை இட்ட வித்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றை இரண்டிலை விடும்பொழுதே வேரோடு களையவேண்டும். மேற்கே புங்கு அல்லது பூவரசு நடுவோர் சுவரிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி நடுக. வேம்புக்கு 20 அடியேனும் வேண்டும். முருங்கை எளிதில் முறியும். தென்னை மட்டையும் காயும் உதிர்க்கும். இவ்விரண்டும் கூரைக்கு எட்டாத இடத்தில் நிற்கட்டும். புங்கு மாசி, பங்குனியில் இலையுதிர்த்து, கடுங்கோடை வருமுன் மீண்டும் தழைத்துவிடுவதால் நம் வேலைக்கு மிகவும் ஏற்றது.

மரத்திற்கு இடமில்லாதவர் பந்தல் போடலாம். மேற்குச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கால் நாட்டி, தைப் பட்டத்தில் பீர்க்கோ புடலோ பாகலோ விதைத்தால் சித்திரைக்குள் கொடி படர்ந்துவிடும். கறிக்கும் காய் கிடைக்கும். கொடி சுவரில் ஒட்டிப் படரலாகாது. இடையே காற்று ஓடவேண்டும். வேர்விட்டுச் சுவரைப் பற்றும் கொடிகள் பார்வைக்கு அழகேயாயினும் ஈரத்தைத் தேக்கிக் காரையைப் பெயர்ப்பன.

வடக்கிலும் கிழக்கிலும் அடர்ந்த நிழல் வேண்டியதில்லை. பருவமழையில் நனைந்த சுவர் உலர்வதற்குக் காலை வெயில் தேவை. அங்கே செம்பருத்தி, மருதாணி போன்ற சிறு செடிகளை மூன்றடி தள்ளி வைத்தால் சாரலின் வேகம் தணியும். சுவரடியில் சிமெண்டுத் தளம் போட்டால் கூரைநீர் அதன்மேல் விழுந்து தெறித்துச் சுவரின் கீழ்ப்பகுதியைப் பாசி பிடிக்கச் செய்யும். அவ்விடத்தில் சரளை பரப்பி, நிலத்தை வெளிப்புறமாகச் சரித்துவிடுவதே முறை. செடிக்கு ஊற்றும் நீரும் சுவரடியில் தேங்கலாகாது. குழித்தறி வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். குழியில் ஊறும் ஈரம் நெய்பவரின் காலையும் நூலையும் ஒருங்கே கெடுக்கும். ஆவணி, புரட்டாசியில் கிளைகளை அளவாகக் குறைத்து, காற்று ஊடே செல்ல வழிவிட்டால் புயலின் அபாயம் பெரிதும் குறையும்.

மரம் எல்லாவற்றையும் காக்கும் என்று நாம் கூறவில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், இரண்டாம் நாட்களில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றுக் கரையில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் நின்றன. அத்தகைய வெள்ளத்தினின்று எந்தப் புங்க மரமும் சுவரைக் காக்கவியலாது. அது ஏரியையும் கால்வாயையும் பற்றிய வேறு வழக்கு. ஆனால் பேரழிவு என்றோ வருவது. வெயிலோ நாள்தோறும் வருவது.

இதில் கூட்டுறவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டியவருக்கு மேற்கே 15 அடி எங்கே இருக்கிறது? அவ்விடம் தெருவில் இருக்கிறது. அல்லது அடுத்த வீட்டாரின் மனையில் இருக்கிறது. என் மேற்குச் சுவருக்கு நிழல் தருவது என் அண்டை வீட்டாரின் கிழக்கிலுள்ள மரமே. அவர் அதனை வெட்டினால் செலவு எனக்கு. நான் நட்டால் இலை பெருக்கும் வேலை அவருக்கு. ஒருவர் செலவும் மற்றவர் பயனுமாக இருக்கும் காரியம் தனியாளால் நடவாது. பலர் கூடிச் செய்யவேண்டிய இத்தகைய காரியங்களுக்காகவே 1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது.

ஆகையால் நிர்வாகக் குழுக்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம். வீடு கட்டவோ பழுதுபார்க்கவோ சங்கத்தில் கடன் கோரும் அங்கத்தினரின் வரைபடத்தில் மேற்கு நிழலுக்கான இடமும் குறிக்கப்படவேண்டும். இடமில்லையேல் பந்தலுக்கேனும் வழி செய்யப்படவேண்டும். படப்பை, மணிமங்கலம் பக்கத்தில் பயிர்செய்யும் அங்கத்தினர்கள் புங்கு, பூவரசுக் கன்றுகளை வளர்த்து அடக்க விலைக்குத் தரவும், நெசவாளர் சங்கங்கள் அவற்றை மொத்தமாக வாங்கித் தெருவாரியாக வழங்கவும் ஏற்பாடு வேண்டும். ஒரு சாராருக்கு வரவும் மற்றொரு சாராருக்கு நிழலும் கிட்டும். தெருவில் நடும் மரங்களுக்கு மாநகராட்சியின் இசைவை அங்கத்தினர் தனித்தனியே அலைந்து பெறாமல் சங்கமே எழுதிப் பெறவேண்டும். கன்று நட்டபின் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுவது மட்டும் வீட்டாரின் பொறுப்பு. பாத்திரம் அலசிய நீரே அதற்குப் போதும்.

பாவோடும் தெருவில் நிழலின் மதிப்பை நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெயிலேறினால் பாவு காய்ந்துவிடும் என்று விடியலிலேயே மரத்தடிக்கு ஓடியவர்கள் அவர்கள். நூலுக்கு நிழல் தேடிய நாம் சுவருக்கும் தேடுவோமாக. மேற்படிச் சங்கத்தில் இவ்வாண்டு ஆய்வுக்குச் சென்றபொழுது, வெட்டிய மரங்களின் இடத்தில், சுவரிலிருந்து 12 அடி அளந்து, இரண்டு புங்கங் கன்றுகளை அங்கத்தினர்களோடு சேர்ந்து நட்டோம். குழியின் இடத்தைக் காட்டியவர் அந்த முதியவரே. அறிக்கையில் நாம் எழுதிய குறிப்பு இதுதான்: "மரங்கள் அகற்றப்படலாகா; கிளைகள் மட்டும் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் குறைக்கப்படுக."