கைப்பக்குவம் மாத்திரம் மீந்தது

பொழுது சாயும் வேளையில், சென்னைத் துறைமுகத்தை அடுத்த செகண்ட் லைன் பீச் சாலையில் தள்ளுவண்டிகளைச் சுற்றி மக்கள் கூடி நிற்பதைக் காண்கிறோம். மஞ்சள் நிறக் கோதுமை நூடுல்ஸ், மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு மணக்கும் எண்ணெய் ஆகியவற்றை ஒன்றாயிட்டுக் கையாலேயே பிசைந்து தருகின்றனர். உடன் ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப்பும் உண்டு. வடசென்னைக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக விரும்பி உண்டுவரும் அத்தோ இதுவே.

இதன் பூர்வீகம் பெயரிலேயே இருக்கிறது. பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் கலந்து பிசைந்த உணவு. வாழைத்தண்டு சூப்போ, அந்நாட்டார் காலையில் உண்ணும் 'மொஹிங்கா' என்ற மீன்சாற்று உணவின் வழிவந்தது. இங்கு மீன் போய்த் தண்டு மட்டும் நிலைத்தது. பர்மியச் சமையலுக்கு உயிரான 'ஙாப்பி' என்னும் மீன்விழுதும் நம் வண்டிகளில் காண்பதரிது. ஊருக்கு ஊர் நாவும் மாறுமன்றோ!

இவ்வுணவு இங்கு வந்த கதை கண்ணீர் கலந்தது. நெல்வயல்களிலும் ரங்கூன் துறைமுகத்திலும் உழைக்கவும் வணிகம் செய்யவும் நம் முன்னோர் பலர் பர்மாவுக்குக் கப்பலேறினர். 1937 வரை அந்நாடு பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் காடு மலை கடந்து நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியிருந்தோரின் கடைகளும், 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி நெ வின் அரசால் 1964-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஈட்டிய பொருளை அங்கேயே இழந்து, ஏறக்குறைய வெறுங்கையராய்க் கப்பலில் வந்திறங்கினர். தாய்நாடு என்றனர், ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது முன்பின் காணாத நாடு. எண்ணூரில் உள்ள பர்மா நகர் இன்றும் தன் பெயரால் அவர்களை நினைவூட்டுகிறது. 1969-இல் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே பர்மா பஜார் உருவாயிற்று. பொருளைப் பறிக்கலாம், கைப்பக்குவத்தைப் பறிக்க எந்தச் சுங்கச் சாவடியாலும் இயலவில்லை. அதுவே அவர்களுக்குப் பிழைப்பாயிற்று.

பாலைவனத்தில் இஸ்ராயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் பூண்டையும் எண்ணி முறுமுறுத்ததை எண்ணாகமத்தில் வாசிக்கிறோம். பர்மாவிலிருந்து வந்தோரும் விட்டுவந்த உணவுக்காக ஏங்கியே இருப்பர். ஆயினும் அவர்கள் அந்த ஏக்கத்தை முறுமுறுப்பாக்காமல், பிறர் பசியாற்றும் உணவாக்கினர்.

அன்பான பெற்றோரே, அன்று 'அகதி' என்று ஒதுக்கப்பட்டவர்களின் உணவை இன்று நம் பிள்ளைகள் நம் ஊர் உணவென்றே கருதுகின்றனர். நன்று. ஆனால், இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எண்ணூர், மணலி ஆலைகளுக்கு வந்துள்ள இளைஞரை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? அவர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல் செபித்து, யாரும் ஒரு சொல் பேசாமலே திரும்பிச் செல்வோர் உளர். அவர்களுள் ஒருவரையேனும் இம்மாதம் வீட்டுக்கு அழைத்து உணவளிப்போமா? அவர்தம் ஊர் உணவைப் பற்றிக் கேட்போமா? நாம் காட்டும் இவ்வன்பு, பிள்ளைகளுக்கு ஆயிரம் அறிவுரைகளினும் மேலான ஞானோபதேசம் ஆகும்.

இராயப்பரின் பெயரைத் தாங்கிய இராயபுரத்தார்க்கு இது எளிதில் விளங்கும். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நின்றபோது, இன்னார் என்று சீடர்கள் முதலில் அறியவில்லை. கரையேறியபோதோ, கரிநெருப்பில் மீனும் அப்பமும் அவர்களுக்காகக் காத்திருந்தன. கரையில் அந்நியர்போல் நின்றவரே அன்று விருந்தளித்தார்.