ஒயினுக்குக் கடிச்சுக்க என்ன?

புனே வந்து ஆறு வருஷமாகிறது. நம்மூரில் கொலுவுக்குக் கூப்பிடுகிற மாதிரி இங்கே ஆபீஸ் மக்கள் ஒயின் டேஸ்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். நாசிக் திராட்சைத் தோட்டங்கள் பக்கத்தில் இருக்கிற கோளாறு. சுலாவின் முதல் ஒயினே 2000-ல்தான் வந்தது, அதற்குள் ஆளாளுக்கு நிபுணர்கள் (என்னையும் சேர்த்துத்தான்).

போன வருஷம் என் முறை. எட்டுப் பேர், நாலு பாட்டில். புத்தகத்தில் போட்டிருந்தபடி சீஸ் தட்டு வைத்தேன். நடுநாயகமாக, இத்தாலி போய்வந்த நண்பன் கொடுத்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ. எங்கள் டீமில் ஒருவர், முட்டைகூடத் தொடாதவர், ஒயினும் குடிக்கமாட்டார், அரட்டைக்காக வந்திருந்தார். ரொம்பப் பிடித்துப்போய் மூன்று துண்டு சாப்பிட்டார்.

மறுநாள்தான் படிக்கிறேன். அந்தச் சீஸுக்குப் பாலைத் திரிய வைப்பதே கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட். வேறு எதில் செய்தாலும் அந்தப் பெயர் போடக்கூடாதாம். சொல்லாமல் விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எதை நீட்டினாலும் ஒரு கணம் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் கை வருகிறது.

என் கட்சி இதுதான்: இந்த ஊர்ப் பார்ட்டிக்கு அந்தச் சீஸ் தட்டு தேவையே இல்லை. சீஸ் அங்கே செய்கிற வேலை என்ன? உப்பும் கொழுப்பும் கொடுத்து ஒயினின் புளிப்பையும் துவர்ப்பையும் அடக்குவது. அதைச் செய்ய நம்மிடம் ஆளா இல்லை?

ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு எண்ணெயில் பொரித்த எதுவும் பொருந்தும். சக்லி, பட்டாட்டா வடை, வறுத்த முந்திரி. குமிழியும் புளிப்பும் நாக்கிலிருந்து எண்ணெயை வழித்துவிடும். சோவினியோன் பிளாங்க்கில் பச்சைப்புல் வாசனை அடிக்கும், அதற்கு கொத்தமல்லித் தழை போட்டுச் செய்கிற இந்த ஊர் கோத்திம்பீர் வடி அப்படி ஒரு ஜோடி. லேசாகத் தித்திக்கும் செனின் பிளாங்க் இருந்தால் கொஞ்சம் காரம் வைக்கலாம்.

சிவப்பு ஒயின்தான் வம்பு. மிளகாய்க் காரத்தோடு டானின் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் பற்றி எரியும். ஒரு நண்பர் வீட்டில் ஷிராஸோடு மிசல் வைத்தார்கள். யாரும் ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் ஜக்தான் சுற்றிச் சுற்றி வந்தது. காரம் குறைத்த பனீர் டிக்கா போதும், தந்தூரில் கருகின ஓரம் ஷிராஸோடு நன்றாகவே சேரும். குலாப் ஜாமூனை எல்லாப் பாட்டிலும் முடிந்தபிறகு கொண்டுவாருங்கள். ஜாமூனுக்கு மேல் சிவப்பு ஒயின் குடித்தால் கஷாயம்தான். ஆங், சிவப்பை 'ரூம் டெம்பரேச்சரில்' வைக்கச் சொன்னவன் புனேயின் ஏப்ரல் மாதத்தைப் பார்த்ததில்லை. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் போடுங்கள்.

சீஸ் வைத்தே தீருவேன் என்பவர்கள் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டாக வாங்கி, கவரைத் தட்டு பக்கத்திலேயே வையுங்கள். குடிக்காதவருக்கும் தட்டில் நாலு ஐட்டமாவது இருக்கட்டும். அவர் வந்ததே அதற்கும் அரட்டைக்கும்தான்.

இந்த வருஷ டேஸ்டிங்கில் முதலில் காலியானது அம்மா கூரியரில் அனுப்பியிருந்த முள்ளுமுறுக்கு. அந்தத் தோழியும் எடுத்தார், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு. அரிசி மாவு, உளுந்து, வெண்ணெய், எள் என்று ஒப்பித்தேன். அம்மாவிடம் "ஆபீஸ்காரங்க வந்து தீர்த்துட்டாங்கம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எதோடு என்று சொல்லவில்லை. அடுத்த பார்சல் கிளம்பிவிட்டதாம்.