கையெழுத்துக் கேளாத சந்தா

சங்கத்துக்குச் சந்தா செலுத்தும் தோழர்கள் அறிந்த விஷயம் ஒன்று உண்டு. நாம் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் ஒழிய, தோட்ட நிர்வாகம் நம் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடிக்க முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒரு மாதத்தில் பிடிக்கும் தொகையெல்லாம் சேர்ந்து, பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் அதே பிரிவு வரம்பு கட்டுகிறது. கங்காணியின் முன்பணம், கடைப்பற்று என்று கூலி கைக்கு வருமுன்பே கரைந்துபோன காலத்தைக் கண்டவர்கள் நம் பாட்டன்மார். அந்த வேலி சும்மா வந்ததல்ல.

இன்றோ சம்பளம் வங்கிக்குள் போய்ச் சேர்ந்ததும் அந்த வேலி முடிந்துவிடுகிறது. படம் பார்க்க ஒரு சந்தா. பாட்டுக் கேட்க ஒரு சந்தா. பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒன்று. கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைச் சேர்த்துவைக்க இன்னொன்று. மாதம் பிறந்ததும் வங்கி அட்டையிலிருந்து பணம் தானாகப் போகிறது. கையெழுத்து எங்கே? என்றோ ஒரு நாள் விரலால் தட்டிய தட்டுத்தான் கையெழுத்து!

மாதம் 20 வெள்ளி வீதம் நான்கு சந்தா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 960 வெள்ளி. 2025-இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக, அரை மாத உழைப்புக்கு மேல் அதில் போய்விடுகிறது.

சந்தா கட்டிப் படம் பார்ப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி வருகிறவனுக்கு மாலையில் ஒரு நல்ல படம் பார்க்க உரிமையில்லையா? உண்டு. பணத்தைப் பிடிக்கும் முறை நியாயமானதா என்பதே நம் கேள்வி.

இணையத்தில் சந்தா விற்கும் கம்பெனிகள் பல, தாமே வசூல் செய்வதில்லை. வசூலுக்கென்றே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியவற்றில் ஒன்று ஸ்டிரைப். உங்கள் கணக்கில் பணம் இல்லையென்றால் அதன் இயந்திரம் விட்டுவிடாது. எந்த நேரத்தில் கேட்டால் பணம் கிடைக்கும் என்று கணித்து மறுபடியும் கேட்கும். 2 வாரத்துக்குள் 8 முறை முயலலாம் என்பது அக்கம்பெனியே செய்யும் பரிந்துரை. அட்டையை மாற்றிவிட்டால் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். புதிய அட்டையின் எண்ணை வசூலிப்பவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வீசா, மாஸ்டர்கார்டு இரண்டிடமும் உண்டு. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால், பழைய சந்தா புது அட்டையிலும் தொடரும்.

விலை ஏறும் கதையைக் கேளுங்கள். ஆப்பிள் கம்பெனியின் பழைய விதிப்படி, சந்தா விலை உயர்ந்தால் சந்தாதாரர் சம்மதம் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் சந்தா நின்றுவிடும். 2022 மே மாதத்தில் இவ்விதி மாறியது. ஏற்றம் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேற்படாமலும், மாதச் சந்தாவில் 5 அமெரிக்க டாலருக்கும் பழைய விலையில் பாதிக்கும் மேற்படாமலும் இருந்தால், உள்ளூர்ச் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில், சம்மதம் கேளாமலே பணம் பிடிக்கலாம். அறிவிப்பு அனுப்பினால் போதும். மௌனம் சம்மதம் என்பார்கள். தொழிலாளியின் காசில் அந்தப் பழமொழி செல்லக்கூடாது.

மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் ஒரு கட்டுப்பாட்டை அமலாக்கியது. அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிக்கப் போகிறவர்கள் 24 மணி நேரத்துக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும். குறித்த வரம்புக்கு மேற்பட்ட தொகையென்றால் ஒவ்வொரு தடவையும் தனி ஒப்புதல் வேண்டும். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர் இணையத்திலேயே ரத்துப் பொத்தானும் வைத்தாக வேண்டும். அமெரிக்காவில், தெளிவான சம்மதமின்றி ஆள் சேர்த்ததாகவும், விலகும் வழியைச் சிக்கலாக்கியதாகவும் வழக்குக்கு ஆளான அமேசான், 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. அதில் 150 கோடி சந்தாதாரர்களுக்குத் திரும்பும் பணம். ஆனால், சேருவதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று அங்கே 2024-இல் செய்த பொது விதியை, நடைமுறைக் குறை காட்டி 2025 ஜூலையில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனவே விதி கேட்டால் மட்டும் போதாது. அது நிலைக்கும்வரை விடாது கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. பணம் பிடிக்குமுன் அறிவிப்பு வேண்டும். விலை ஏறினால் மறுபடியும் சம்மதம் வேண்டும். சேர்ந்த வழியிலேயே விலகும் வசதி வேண்டும். சங்கச் சந்தாவுக்கு எழுத்து மூலம் சம்மதம் கேட்கும் சட்டம், படக் கம்பெனியின் சந்தாவுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வது என்ன நியாயம்?

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. செயலியை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. உரிய இடத்தில் ரத்துச் செய்ய வேண்டும். கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிளைக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து, படிக்கத் தடுமாறும் மூத்தவர்களின் வங்கிக் கணக்கை அவர்களோடு சேர்ந்து பார்த்து, வேண்டாத சந்தாக்களை நிறுத்த உதவுங்கள். இரகசிய எண்ணை மட்டும் யாரும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கம்பெனி பதில் சொல்ல மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். 1969-இல் தோன்றி, 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்று வளர்த்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம் பட்டணத்திலேயே இருக்கிறது. தொழிற்சங்கமும் பயனீட்டாளர் சங்கமும் கைகோத்துக் கேட்கட்டும். கூலியை உயர்த்தப் போராடும் நாம், உயர்ந்த கூலி ஒழுகாமல் காப்பதையும் போராட்டமாகவே கொள்வோம்.