ஒன்பதாம் வகுப்புக்கு யார் கட்டுவது?

ஆசிரியருக்கு,

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் என் மகளுக்குத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கிடைத்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றது. ஆனால் புத்தகம், சீருடை, வேன் என்று ஜூன் தோறும் துண்டுச்சீட்டு வரும். கம்மல் அடகுக்குப் போகும். இப்போது அவள் எட்டாம் வகுப்பு. சட்டம் அதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கேட்கிறார்கள். பத்து வருடத் தோழிகளை விட்டு வா என்று பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? பன்னிரண்டாம் வகுப்பு வரை இந்த ஒதுக்கீட்டை நீட்டியே ஆகவேண்டும். இன்னொன்று: எங்கள் தெருமுனை அரசுப் பள்ளியில் அன்று ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். வகுப்புக்கு ஒருவர் இருந்திருந்தால் நான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன்.

– ஒரு தாய், திருவண்ணாமலை